ஒரு வகுப்புக்கு இருபது பேர்

சங்கத்தின் ரப்பர் ஸ்டாம்ப் இப்போது எங்கள் வீட்டுச் சமையலறை அலமாரியில், கோதுமை மாவு டப்பாவுக்குப் பின்னால் இருக்கிறது. அங்கே கொண்டுபோய் வைத்தது என் மனைவி. மேசை மேல் இருந்தால் நான் அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேனாம். தூக்கிப் போடவும் மனம் வரவில்லை. மைசூரில் எங்களைப் போன்ற ஆசிரியர்களுக்கு என்று இருந்த ஒரே சங்கம் அது. இப்போது அந்த ஸ்டாம்பும் நானும்தான் மிச்சம்.

எங்களைப் போன்ற ஆசிரியர்கள் யார் என்று கேட்டால் பதில் சொல்வதே ஒரு பாடு. எங்கள் பாடத்துக்குப் பள்ளிக்கு ஒரு பெயர். ஒரு பள்ளியில் கிராஃப்ட். அடுத்த தெருப் பள்ளியில் வொர்க் எக்ஸ்பீரியன்ஸ். நீச்சல் குளம் வைத்திருக்கும் பள்ளிகளில் டிசைன் அண்ட் டெக்னாலஜி. பெயர் எதுவானால் என்ன, பிள்ளைகள் ஒரு பொருளை யோசித்து, வரைந்து, மரத்திலோ தகரத்திலோ செய்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான். பரீட்சையில் மார்க் கிடையாது என்பதால் பள்ளிக்கு நாங்கள் வேண்டாத விருந்தாளி. ஆண்டுவிழா மேடைக்கு அட்டை மரம் வெட்டவும், பிரின்சிபாலின் நாற்காலிக் கால் ஆடினால் ஆணி அடிக்கவும் மட்டும் ஞாபகத்துக்கு வருவோம். கணக்கு டீச்சருக்குப் பேச இன்னொரு கணக்கு டீச்சர் இருப்பார். எங்களுக்கு ஆள் கிடையாது, பள்ளிக்கு ஒருவர்தான்.

அதனால்தான் சங்கம். மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை மத்தியானம், தேவராஜ மொஹல்லாவில் ஒரு ஹார்டுவேர் கடையின் மாடியில் கூடுவோம். கடைக்காரர் எங்கள் தலைவரிடம் படித்தவர், வாடகை கேட்டதில்லை. தலைவர் ஓய்வு பெற்ற டிராயிங் மாஸ்டர், கன்னடக்காரர். நான் செயலாளர். சம்பளம் கிடையாது, சந்தா வசூலிப்பதும் மறந்துபோகும். எந்த ரம்பம் எந்த மரத்தில் மக்கர் செய்கிறது என்று நான்கு பேர் காதுகொடுத்துக் கேட்கும் ஒரே இடம் அது என்பதற்காகவே வருவோம். அந்த இரண்டு மணி நேரம் நாங்களும் வாத்தியார்கள்தான் என்ற நினைப்பு வரும்.

சங்கம் உருப்படியாகச் செய்த வேலை ஒன்று உண்டு. யாராவது கேட்டுக்கொண்டால் இரண்டு பேர் அவர்கள் பள்ளிக்குப் போய்ப் பட்டறையை முழுவதும் பார்த்து அறிக்கை எழுதிக் கொடுப்போம். இதைத் தொடங்கியவர் தலைவர். அதற்குக் காரணமும் அவர்தான். அவர் வேலையில் இருந்த காலத்தில், டிரில்லிங் மெஷினைச் சுற்றி ஒரு வகுப்பே முண்டியடித்து நின்றபோது பின்னாலிருந்து யாரோ தள்ள, முன்னால் நின்ற மாணவிக்கு இரண்டு விரல் போய்விட்டது. தலைவர் அறையின் மறு கோடியில் இன்னொரு பிள்ளைக்கு உளி பிடிக்கச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாராம். அதற்கப்புறம்தான் எங்கள் விதி: ஒரு பட்டறையில், ஓர் ஆசிரியரிடம், ஒரு வகுப்புக்கு இருபது பேர். அறிக்கைப் படிவத்தின் முதல் வரியே அந்த எண்ணிக்கைதான்.

அறிக்கை எழுதும் முறையும் எங்கள் தொழிலுக்கே உரியது. அறையை அங்குலம் அங்குலமாக அளந்து பிளான் போடுவோம். எங்கே எது பழுதோ அங்கே சிவப்பு மையில் வட்டம் போட்டு எண் கொடுப்போம். பின் பக்கத்தில் எண்ணுக்கு எண் விளக்கம். நல்லதாக ஒரு வார்த்தை எழுதும் வழக்கம் எங்களிடம் கிடையாது. மூலமட்டத்தை வைத்துப் பார்த்தே பழகிய கண்ணுக்குக் கோணல்தான் தெரியும். நேராக இருப்பதைப் போய் யார் எழுதுவார்?

அந்த டீச்சர் சங்கத்துக்கு வந்தது இரண்டு வருடத்துக்கு முன்னால். முப்பது வயதுக்குள் இருக்கும். ஹனூர்ப் பக்கத்து, தமிழ் பேசும் விவசாயக் குடும்பம். கணவருக்கு இங்கே ஃபேக்டரியில் வேலை. ஊருக்கு வெளியே ரிங் ரோட்டை ஒட்டிய ஒரு தனியார் பள்ளியில் கிராஃப்ட் எடுத்துக்கொண்டிருந்தார். கூட்டத்தில் எல்லோரும் கன்னடத்தில் பேசுவோம். முடிந்து படி இறங்கும்போது என்னிடம் தமிழில் ஆரம்பித்தார்.

"சார், எனக்கு ஒரே ஒரு லெட்டர் வேணுங்க. ஒரு கிளாஸ்ல நாப்பத்தெட்டுப் பசங்க. மொத்தமா உள்ள உட்டுப்போட்டா நான் யாரைன்னு பாக்கறதுங்க? ரெண்டு பேட்சாப் பிரிச்சுக் கொடுங்கன்னா மேனேஜ்மென்ட்ல சிரிக்கறாங்க. சங்கத்துல இருந்து எழுதிக் கொடுத்தீங்கன்னா காதுல உளுகும்."

"லெட்டர் எதுக்கும்மா, நேர்லயே வர்றோம்" என்றேன். அந்த வாய்க்கொழுப்பை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

தலைவரும் நானும் ஒரு சனிக்கிழமை காலை போனோம். பள்ளியில் பிள்ளைகள் இல்லை. டீச்சர் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு தயாராக இருந்தார். நான் டேப்பின் ஒரு முனையைப் பிடிக்க, மறுமுனையை அவர் பிடித்துக்கொண்டு அறை முழுக்க ஓடினார். கதவு உள்பக்கம் திறக்கிறது, ஒன்று. ஜன்னல்கள் ஆணி அடித்து மூடப்பட்டிருக்கின்றன, இரண்டு. கிரைண்டருக்கு எர்த் இல்லை. கூரை ஒழுகுகிறது. தீயணைக்கும் சிலிண்டர் எப்போதோ காலாவதி. ஒவ்வொன்றுக்கும் நாங்கள் மூவரும் ஏதோ புதையல் எடுத்தவர்கள் மாதிரி குதூகலப்பட்டோம். "சார், இதையும் எழுதுங்க, இந்த வைஸ் ஆடுது பாருங்க" என்று மரத்தை இறுக்கிப் பிடிக்கும் இடுக்கியையும் டீச்சரே காட்டிக் கொடுத்தார். தன் அறையைப் பற்றி ஒருவர் அத்தனை நேரம் அக்கறையாகக் கேட்டது அவருக்கு அதுதான் முதல் தடவை. எனக்கும் சந்தோஷம். இவ்வளவு சந்தோஷமாக ஒரு மனிதருக்குக் குழி வெட்ட முடியும் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

கடைசியில் பத்தொன்பது குறை. பிளானை வீட்டுக்குக் கொண்டுவந்து மூன்று நாள் உட்கார்ந்து மையில் வரைந்தேன். எழுத்தெல்லாம் அச்சு மாதிரி. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். வாங்கிப் பார்த்த டீச்சரின் முகத்தில் மட்டும் சின்னத் தயக்கம்.

"சார், பேட்ச் சமாச்சாரம் மட்டும் எழுதினாப் போதுமுங்களா? இத்தனையும் குடுத்தா மெரண்டுக்குவாங்களோ என்னமோ."

"எழுதுறதுன்னா முழுசா எழுதணும்மா. அரைகுறை வேலை நம்ம பாடத்துலயே கிடையாது."

அவர் தலையாட்டினார். நான் வயதில் பெரியவன், செயலாளர் வேறு. ஸ்டாம்பை ஓங்கிக் குத்தினேன்.

அடுத்த வாரமே போன் வந்தது. மேனேஜ்மென்ட் அறிக்கையை ரொம்பப் பாராட்டியதாம். அன்றைக்கே பட்டறைக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்களாம். டீச்சர் அழவில்லை. "இப்ப என்னங்க சார் பண்றது?" என்று மட்டும் கேட்டார்.

தலைவரும் நானும் ஓடினோம். தாளாளர் எங்களை உட்காரவைத்துக் காப்பி கொடுத்தார். அவரைக் கெட்ட மனிதர் என்று சொல்ல எனக்கு ஆசைதான், ஆனால் அப்படி நடந்துகொள்ளவில்லை. மேசை மேல் எங்கள் அறிக்கை இருந்தது. பெற்றோர்களுக்கு அனுப்பிய சுற்றறிக்கையும் இருந்தது. அதில் என் வாக்கியங்கள் அப்படியே இருந்தன. நிபுணர்கள் ஆய்வு செய்ததில் அறை பாதுகாப்பற்றது என்று தெரியவந்ததால், குழந்தைகளின் நலன் கருதி வகுப்பு நிறுத்தப்படுகிறது. அதே இடத்தில் ரோபோடிக்ஸ் லேப் வரும், ஒரு கம்பெனி சாமான்களும் கொடுத்து ஆளும் அனுப்பும்.

"இதெல்லாம் சரிசெய்யக்கூடிய குறைகள்தான்" என்றேன்.

"சார், பத்தொன்பது" என்றார் அவர், மரியாதையாகவே. "நீங்களே எழுதியிருக்கீங்க. நாளைக்கு ஒரு குழந்தைக்கு ஏதாவது ஆச்சுன்னா, தெரிஞ்சும் ஏன் நடத்தினீங்கன்னு என்னைக் கேக்க மாட்டாங்களா?"

அவர் கன்னடத்தில் சொன்னதைத் தமிழில் எழுதுகிறேன். ஒரு குழந்தைக்கு ஏதாவது ஆச்சுன்னா என்ற வார்த்தை வந்த பிறகு தலைவரால் அந்த மேசையில் வாதாட முடியாது. வெளியே வந்து ஆட்டோவுக்கு நிற்கும்போது, "ஏனு மாராயா, என்னப்பா, நாம் பொய் எழுதலையே?" என்று கேட்டார். எழுதவில்லைதான். அதுதான் வினையாகப் போயிற்று.

டீச்சரை முதலில் லைப்ரரியில் உட்காரவைத்தார்கள். அப்புறம் ஸ்கூல் பஸ்ஸில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலை. பருவம் முடிந்ததும் வர வேண்டாம் என்றார்கள். பழைய கருவிகளைச் சங்கம் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம் என்று பெரிய மனது பண்ணினார்கள். எடுக்கப் போனவன் நான்தான்.

அறைக்குள் தடுப்புச் சுவர் வேலை நடந்துகொண்டிருந்தது. ஜன்னல்களில் ஆணியைப் பிடுங்கிவிட்டார்கள், கதவை வெளியே திறக்கும்படி மாற்றிவிட்டார்கள், கூரையில் ஒழுக்கு அடைபட்டிருந்தது. பத்தொன்பதில் குறைந்தது பதினைந்து சரியாகியிருக்கும். சுவரில், சிமெண்ட் தூசி படிந்து, ஒரு தாள் ஒட்டியிருந்தது. என் பிளானின் ஜெராக்ஸ். என் கையெழுத்து. என் அளவுகள் மேல் பென்சிலால் கேபிள் போகும் வழியைக் கோடு போட்டிருந்தார்கள். வேலைசெய்த மேஸ்திரி தர்மபுரிப் பக்கத்துக்காரர், என் அப்பா ஊர்.

"இது யாரு போட்டதுன்னு தெரியல சார்" என்று அவராகவே சொன்னார். "அளக்கிற வேலையே இல்லாமப் போச்சு. ஒரு நூல் தப்பு கிடையாது."

முப்பது வருட வேலையில் என் வரைபடத்தை ஒருவர் இப்படி மனதாரப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான். நான்கு உளி, இரண்டு இழைப்புளி, ஆடிக்கொண்டிருந்த அந்த வைஸ், எல்லாவற்றையும் சாக்கில் கட்டி ஆட்டோவில் போட்டுக்கொண்டு வந்தேன்.

செய்தி பரவ எத்தனை நாள் ஆகும்? எங்களை வரச் சொல்லி நாள் குறித்திருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, இப்போது வேண்டாம் சார் என்றார்கள். ஒருவர் வெளிப்படையாகவே, "உங்க கால் எங்க ஸ்கூல்ல படாம இருந்தா அதுவே உதவி" என்றார். கோபம் வரவில்லை. அவர் நியாயம் அவருக்கு. மாடியில் கூட்டத்துக்கு ஏழு பேர், அப்புறம் நான்கு பேர், ஒரு சனிக்கிழமை தலைவரும் நானும் மட்டும். கீழே கூலியாட்கள் பெயிண்ட் டின்களை இறக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தோம். கிளம்பும்போது தலைவர் ஸ்டாம்பை என் கையில் கொடுத்தார். இனி வர மாட்டேன் என்று வாய்விட்டுச் சொல்லவில்லை, வரவும் இல்லை.

ஒரு வருடம் கழித்து டீச்சர் கூப்பிட்டார். எடுக்கவே பயமாக இருந்தது. குண்டலுபேட்டையில் ஒரு பள்ளியில் வேலை கிடைத்திருக்கிறதாம். தினமும் மைசூரில் இருந்து பஸ்ஸில் போய் வருகிறாராம். அங்கே ஒரு பழைய ஷெட், சாமான்களோடு பூட்டிக் கிடந்ததைக் கெஞ்சிக் கூத்தாடித் திறக்கவைத்திருக்கிறார்.

"யாராச்சும் பாத்துட்டு நல்லா இருக்குன்னு பேப்பர் குடுத்தா நடத்திக்கங்கன்னு சொல்றாங்க சார். இல்லாட்டி ஸ்டோர் ரூமாக்கிருவாங்களாம். எனக்கும் வேற பாடம் தெரியாதுங்களே. நீங்க வரோணும்."

"நானா?" என்றேன்.

"வேற ஆரு இருக்காங்க சார்?"

நஞ்சன்கூடு தாண்டிப் பஸ் போகும்போது டேப்பைப் பையில் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். ஷெட்டைப் பார்த்து அசந்துவிட்டேன். டீச்சர் தன் கையாலேயே எல்லாவற்றையும் சரிசெய்திருந்தார். டிரில்லிங் மெஷின் பெல்ட்டுக்குத் தகரத்தில் மூடி. எர்த் இழுத்தாகிவிட்டது. தரையில் மஞ்சள் கோடு. வைஸ் ஒவ்வொன்றும் அசையாமல் நின்றது. கதவு வெளியே திறந்தது. என் பத்தொன்பதையும் மனப்பாடமாக வைத்திருந்து ஒவ்வொன்றாகத் தீர்த்திருக்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நான் டேப்பை எடுத்தேன். அவர் மறுமுனையைப் பிடிக்க வரவில்லை.

"அளக்க வேண்டாங்க சார்."

"கிளாஸ்ல எத்தனை பேரும்மா?"

சன்னமாகச் சொன்னார். "அம்பத்திரண்டு."

"ஒரே பேட்சா?"

"ஆமாங்க. பிரிக்கச் சொன்னா இதையும் மூடிருவாங்க." அப்புறம் என் முகத்தைப் பார்க்காமல், "மத்ததெல்லாம் என்ன வேணாலும் எழுதிக்கங்க. அது ஒண்ணை மட்டும் எழுதாதீங்க சார்" என்றார்.

அன்றைக்கு அந்த ஒன்றை மட்டும் எழுதச் சொன்னவர். எழுதியிருக்கலாம். ஒரு வரி எழுதிக் கொடுத்திருந்தால், கிடைத்தால் கிடைத்தது, போனால் போனது என்று அதே பள்ளியில் இன்னும் இருந்திருப்பார். என் கையெழுத்தழகுக்கு அவர் ஒரு வேலையைப் பலி கொடுத்தார். இப்போது இன்னொரு வேலையை நானே பிடுங்குவதா? நான் எத்தனை கேவலமானவன் என்று அந்த ஷெட்டில் நின்றபோது தோன்றியது மாதிரி வேறெப்போதும் தோன்றியதில்லை. படிவத்தை மெஷின் மேசை மேல் வைத்தேன். முதல் வரி: ஒரு வகுப்பில் மாணவர் எண்ணிக்கை. 20 என்று எழுதினேன். அச்சு மாதிரி வந்தது.

எங்கள் அறிக்கைக்கு இரண்டு கையெழுத்து வேண்டும். தலைவர் வீட்டுக்குப் போனேன். மெலிந்திருந்தார். படிவத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார். முதல் வரியிலேயே நின்றுவிட்டார்.

"இருபதா?"

நான் பேனாவை நீட்டினேன். அவருக்கு விடை தெரிந்துவிட்டது. இரண்டு விரலுக்காக ஒரு விதியை உண்டாக்கி, அதைப் பிடித்துக்கொண்டு இத்தனை வருடம் பள்ளி பள்ளியாய் அலைந்த மனிதர். கிழித்துப் போடுவார் என்று நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், கிழித்துப் போட மாட்டாரா என்று ஏங்கினேன்.

"அந்தப் பொண்ணு மெஷின் பக்கத்துலயே நிப்பாளா?"

"நிப்பாங்க."

"அறையோட இன்னொரு கோடிக்குப் போகக் கூடாதுன்னு சொல்லு" என்றார். கையெழுத்தைப் போட்டுவிட்டார். பேனாவைத் திருப்பித் தரவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொல்லிக்கொள்ளாமல் வந்துவிட்டேன்.

ஷெட் நடக்கிறது. புதன்கிழமை மூன்றாவது பீரியட்தான் டிரில்லிங். அந்த நேரத்தில் எனக்கும் வகுப்பு இருக்கிறது. போனைப் பெஞ்ச் மேல் கண்ணுக்குத் தெரியும்படி வைத்துக்கொண்டு பாடம் எடுக்கிறேன். பிள்ளைகள் கேட்பது பாதி காதில் விழுவதில்லை. அங்கே மணி அடித்ததும் டீச்சரிடமிருந்து ஒரு வரி வரும்: முடிஞ்சுதுங்க சார். அவராகவே தொடங்கிய பழக்கம் அது. ஏன் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

போன புதன் வரவில்லை. பத்து நிமிடம், இருபது நிமிடம். நான் மூன்று முறை கூப்பிட்டேன், போன் அணைந்திருந்தது. என் வகுப்பை அப்படியே விட்டுவிட்டு வராந்தாவில் நின்று, எந்தப் பிள்ளையின் வீட்டுக்கு முதலில் போய் யார் காலில் விழுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் செய்தி வந்தது. சார்ஜ் தீர்ந்துவிட்டதாம். கீழே இன்னொரு வரியும் இருந்தது. அடுத்த வருசம் கிளாசுக்கு அறுபது பேராம், புதுசா ஒரு பேப்பர் வேணுமாம்.